பச்சையாக எட்டு, வறுத்துப் பத்து

விட்பி
2024 யூன் 2

அன்புள்ள துர்க்கா மச்சாளுக்கு,

இந்தக் கடிதத்தை உங்கள் தையல் கடை முகவரிக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் சிறி அண்ணை உறையிலுள்ள என் எழுத்தைக் கண்டவுடனேயே கிழித்துப்போடுவார். அவருடைய போனிலும் உங்களுடைய போனிலும் என்னை புளொக் பண்ணி வைத்திருக்கிறார் என்பது தெரியும். போன சனிக்கிழமை மில்லிக்கனுக்கு வந்து கதவைத் தட்டினேன். உள்ளே ரிவி சத்தம் கேட்டது. ஒருவரும் திறக்கவில்லை. வாசலில் வைத்த பழப்பையை நானே திரும்ப எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பழத்திலும் ஏதாவது இருந்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்கே பயம் வந்துவிட்டது.

மச்சாள், அன்னையர் தினத்தன்று நடந்ததை நான் ஒரு நாளைக்கு நூறு தடவை நினைக்கிறேன். சாப்பாடு முடிந்து எல்லோரும் இருந்தபோது நீங்கள் கேட்டீர்கள்: "ரதி, கொறிக்கக் கச்சான் கடலை ஏதும் இருக்கோ?" நான் அந்தப் பெரிய கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தேன். தோட்டமொன்றில் வாங்கிய ஹேசல்நட் கொட்டை, ஒரு சூடும் படாதது, முதல் நாளே தண்ணீரில் ஊறவைத்தது. "மச்சாள், வறுத்தா அதிலை இருக்கிற சத்தெல்லாம் போயிடும். கடையிலை வாங்கிற கச்சான் வெறும் உப்பும் எண்ணெயும். உதைப் பச்சையாச் சாப்பிடுங்கோ" என்று சொன்னேன். நீங்கள் தயங்கினீர்கள். நான் விடவில்லை. கிண்ணத்தை உங்கள் மடியில் வைத்தேன். இரண்டு மூன்று எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்த அரை மணித்தியாலத்தில் நெடுஞ்சாலை ஓரத்தில் காரை நிறுத்திவிட்டு அண்ணை எனக்குப் போன் பண்ணினார். "துர்க்காவுக்கு மூச்சு வருகுதில்லை, முகமெல்லாம் வீங்குது, என்னத்தைக் குடுத்தனி?" அம்புலன்ஸ்காரர் ஊசி போட்ட பிறகுதான் உங்களுக்கு மூச்சு வந்தது என்று சொன்னார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது நீங்கள் உள்ளே இருந்தீர்கள். அண்ணை வெளியில் நின்றார். எல்லோருக்கும் முன்னால் சொன்னார்: "படிச்ச திமிரிலை என்ரை மனிசியைக் கொல்லப் பாத்தாய். இனி எங்கடை வாசலை மிதிக்காதை."

அவர் சொன்னதில் பிழையில்லை. நான் பதினாறு வருடமாக உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். ஒருவருக்கு முன்னால் ஒரு கொட்டையை வைக்க முதல் "உங்களுக்கு ஏதும் ஒத்துக்கொள்ளாமல் இருக்குதா" என்று கேட்க வேண்டும். வேலையில் எல்லோரிடமும் கேட்கிறேன். உங்களிடம் கேட்கவில்லை.

நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். வேறு ஒன்றும் கேட்கமாட்டேன்.

ரதி


மில்லிக்கன்
2024 யூன் 19

ரதிக்கு,

கடிதம் கிடைத்தது. கடைக்காரர் மின்சாரப் பில் என்று நினைத்து உடைக்கப் பார்த்தார். நல்ல காலம் நான் கண்டுவிட்டேன்.

நான் சுகம். வீக்கமெல்லாம் இரண்டு நாளில் வற்றிவிட்டது. ஊசி மருந்து உள்ள பேனா ஒன்று தந்திருக்கிறார்கள், கைப்பையில் வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் அந்த அவசரத்தில் பார்த்த டொக்டர், பெரிய டொக்டரைக் காணும் வரைக்கும் எந்தக் கொட்டையும் வேண்டாம் என்று சொன்னவர். உம்முடைய அண்ணர் அதைக் கேட்டுவிட்டு வந்து குசினியில் இருந்த கச்சான், முந்திரிக் கஜு, எள்ளு, பூசணி விதை எல்லாவற்றையும் கறுப்புப் பையில் கட்டி எறிந்துவிட்டார். நல்லெண்ணெய்ப் போத்தலும் போய்விட்டது. தேங்காயையும் தூக்கினார். அது கொட்டை இல்லை என்று நான் சொன்னேன். "பேரிலை காய் இருக்கு, உள்ளுக்கை என்ன இருக்கெண்டு ஆருக்குத் தெரியும்" என்றார்.

ஒன்று கேட்கிறேன், இதற்கு மாத்திரம் பதில் எழுதும். எள்ளும் கச்சானும் அந்த ஹேசல்நட்டும் எல்லாம் ஒன்றா? ஒன்று ஒத்துவராவிட்டால் எல்லாமே ஒத்துவராதா? கடையில் மதியம் ஆளுக்கு ஆள் ஒவ்வொன்று சொல்கிறார்கள். வறுத்தால் எல்லா நஞ்சும் போய்விடும் என்று ஒரு மனுசி சொல்கிறா. வறுக்கிறதுதான் நஞ்சு என்று நீர் சொன்னீர்.

அவருக்கு நான் எழுதுவது தெரியாது.

துர்க்கா


விட்பி
2024 யூன் 27

அன்புள்ள மச்சாள்,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் வைத்து வாசித்தேன். "நான் சுகம்" என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். என்னோடு வேலை செய்யும் பவ்யா, சென்னைப் பிள்ளை, வந்து "என்னாச்சுக்கா?" என்று கேட்டாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

உங்கள் கேள்விக்கு முதலில் பதில். அவை ஒன்றல்ல. கச்சான் பருப்பு வகையைச் சேர்ந்தது, எள்ளு விதை, ஹேசல்நட்டும் கஜுவும் மரத்தில் காய்ப்பவை. ஒன்று ஒத்துவராத ஒருவருக்கு மற்றது ஒத்துவரலாம், வராமலும் விடலாம். அதை ஒவ்வாமை நோய்க்கான டொக்டர்தான் சோதித்துச் சொல்ல வேண்டும். அந்த மனுசி சொன்னதை மட்டும் கேட்டுவிடாதீர்கள். வறுத்தால் எல்லாம் போகும் என்பது ஆபத்தான கதை. கச்சானை வறுத்தால் ஒவ்வாமை உள்ள ஆளுக்கு அது இன்னும் மோசமாகக்கூடும். நீங்களாக வீட்டில் எதையும் சோதித்துப் பார்க்கக் கூடாது. உங்கள் குடும்ப டொக்டரிடம் சொல்லி ஒவ்வாமை டொக்டருக்குக் கடிதம் எழுதி வாங்குங்கள். இதை எனக்காக இல்லாவிட்டாலும் உங்கள் மகள் துவாரகாவுக்காகச் செய்யுங்கள்.

இனி நான் சொன்னதற்கு வருகிறேன். நான் சனிக்கிழமைகளில் நம் ஆட்களுக்கு நடத்தும் வகுப்பு உங்களுக்குத் தெரியும். "வறுக்காதேங்கோ" என்று சுவரில் எழுதி ஒட்டி வைத்திருந்தேன். பவ்யா அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கே சொன்னவள்: "அக்கா, நீங்க சொல்றது பாதி சரி. மீதிப் பாதியையும் சொல்லணும்ல?" நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். இப்போது உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்பப் படித்தேன். வறுக்கும்போது விட்டமின் ஈ, பி1 இரண்டும் கொஞ்சம் குறைவது உண்மை. கூடின சூட்டில் கருக வறுத்தால் எண்ணெய் பழுதாகும், நல்லதல்லாத சில பொருட்களும் உண்டாகும், அதுவும் உண்மை. ஆனால் புரதம், நார்ச்சத்து, மக்னீசியம், நல்ல கொழுப்பில் பெரும்பகுதி எல்லாம் அப்படியே இருக்கிறது. பச்சைக் கொட்டையில் கிருமி இருக்கக்கூடும், வறுத்தால் அதுவும் சாகும். மிதமான சூட்டில் வறுத்தது நல்ல சாப்பாடுதான். இதை நான் படித்த காலத்திலேயே படித்திருக்கிறேன். சின்னதாக ஒரு வசனம் சொன்னால் ஆட்கள் நினைவில் வைத்திருப்பார்கள் என்று மற்றதை விட்டுவிட்டேன்.

வகுப்புக்கு வரும் சேதுராமன் ஐயா, எழுபத்தெட்டு வயது, பொய்ப்பல். அவர் முந்தி ஒவ்வொரு நாளும் வறுத்த பாதாம் ஒரு கைப்பிடி சாப்பிடுவாராம். நான் சொன்ன பிறகு பச்சைப் பாதாமைக் கடிக்க முடியாமல் பாதாமையே விட்டுவிட்டாராம். இதைப் போன கிழமைதான் சொன்னார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள்.

வகுப்பை நான் நிறுத்திவிட்டேன். பவ்யா நடத்துகிறாள். ஒருவருக்கு "இதைச் சாப்பிடுங்கோ" என்று சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது.

ரதி


மில்லிக்கன்
2024 ஒக்ரோபர் 6

அன்புள்ள ரதி,

மூன்று மாதமாகப் பதில் போடாததற்குக் கோபிக்க வேண்டாம். இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

டொக்டருக்குப் பதிந்தாயிற்று. ஜனவரியில்தான் நாள் கிடைத்தது. அதுவரைக்கும் சோறும் பருப்பும் மரக்கறியும். பேக்கரியில் ஒன்றும் வாங்குவதில்லை, கோயிலில் பிரசாதமும் வாங்குவதில்லை, கலியாண வீட்டுக்குப் போனால் கைப்பைக்குள் வீட்டில் சுட்ட ரொட்டி கொண்டுபோகிறேன். ஒன்பது கிலோ குறைந்துவிட்டேன். என்னுடைய சட்டைகளை நானே ஒடுக்கித் தைக்கிறேன், தையல் கூலியாவது மிச்சம். தலைமயிர் கொட்டுகிறது. துவாரகா "அம்மா யூ லுக் சிக்" என்று சொல்லிவிட்டு அழுகிறாள். சாப்பாட்டைக் கண்டால் எனக்குப் பசி வருகிறதில்லை. பயம்தான் வருகிறது. ஒரு வாய் வைத்துவிட்டு நாக்கைச் சுழற்றிச் சுழற்றிப் பார்க்கிறேன், ஏதும் அரிக்கிறதா என்று.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் இரண்டு மூன்று சாப்பிட்டேன் என்று நீர் எழுதியிருந்தீர். எட்டுச் சாப்பிட்டேன். மூன்றாவது கொட்டையிலேயே வாய்க்குள் அரித்தது. உதட்டு ஓரம் தடித்தது. எனக்கு அது தெரிந்தது. அதற்கு முதலும் தெரியும். இந்த நாட்டுக்கு வந்து பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு தொடங்கினது. அப்பிள் பழத்தைத் தோலோடு கடித்தால் நாக்கு அரிக்கும். பச்சைக் கரட் சீவும்போது விரல் சிவக்கும். இளவேனில் வந்தால் இன்னும் கூடும், கண்ணும் மூக்கும் சேர்ந்துகொள்ளும். அப்பிளை அவித்து அல்வா மாதிரிக் கிளறினால் ஒன்றும் செய்யாது. இதெல்லாம் ஒரு நோயா என்று ஒருவருக்கும் சொல்லவில்லை.

அன்று ஏன் நிற்பாட்டவில்லை என்றால், நீர் பார்த்துக்கொண்டிருந்தீர். உம்முடைய புது வீடு, உம்முடைய பேச்சு, நீர் சத்துக்கணக்குச் சொல்லச் சொல்ல எல்லோரும் தலையாட்டுகிறார்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். "எனக்கு வாய் அரிக்குது" என்று சொன்னால் இவளுக்கு நல்லது சாப்பிடத் தெரியாது என்று நினைப்பீர் என்று பயந்தேன். அதனால் இன்னும் ஐந்தைப் போட்டு மென்றேன்.

உம்முடைய அண்ணர் உம்மை ஏசினபோது நான் திரைக்கு அந்தப் பக்கம் கட்டிலில் கிடந்தேன். எல்லாம் கேட்டது. வாய் வீங்கியிருந்ததால் பேச முடியவில்லை என்று முதல் நாள் எனக்கே சமாதானம் சொன்னேன். அடுத்த நாள் வீக்கம் வற்றிவிட்டது. அப்போதும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட ஒவ்வொரு நாளும் சொல்வது கூடக் கஷ்டமாகிவிட்டது.

துர்க்கா


விட்பி
2024 ஒக்ரோபர் 11

மச்சாள்,

ஐந்து மாதம். ஐந்து மாதமாக நான் ஒரு ஆளைக் கொல்லப் பார்த்தவள் என்று நினைத்துக்கொண்டு திரிகிறேன். வகுப்பை விட்டேன். அண்ணையின் பிறந்தநாளுக்கு வாங்கின சட்டை என் காரின் பின் சீற்றில் கிடக்கிறது. அம்மா கொழும்பிலிருந்து போன் எடுத்து "நீ என்னடி செய்தனி" என்று கேட்டபோது பிழை என்னுடையது என்று சொன்னேன். உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. திரைக்குப் பின்னால் கிடந்து கேட்டிருக்கிறீர்கள்.

எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்க ஏலாது. இன்றைக்கு இதற்கு மேல் எழுதினால் பிழையாக எழுதிவிடுவேன்.

ரதி

12ஆம் திகதி. உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். உங்கள் கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். நேற்றுக் கோபத்தில் கண்ணில் படாத ஒன்று இன்றைக்குப் பட்டது. அப்பிள், பச்சைக் கரட், ஹேசல்நட். இளவேனிலில் கூடும். அவித்தால் ஒன்றும் இல்லை.

மச்சாள், இது மகரந்தத்தோடு சம்பந்தப்பட்டதாக இருக்கக்கூடும். பேர்ச் என்று வெள்ளைப் பட்டை மரம், இங்கே தெருவெல்லாம் நிற்கிறது. நான் டொக்டர் இல்லை, நிச்சயமாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஜனவரியில் போகும்போது நீங்கள் எனக்கு எழுதின அந்தப் பந்தியை அப்படியே டொக்டரிடம் சொல்லுங்கள். அரிப்பு எப்போது தொடங்கினது, எது பச்சை, எது அவித்தது, எந்த மாதம், எல்லாம். வெட்கப்பட்டு ஒன்றையும் விடாதீர்கள். இதை நீங்கள் என்னிடம் சொன்னதே பெரிய காரியம்.

என்னைப் பார்த்து நீங்கள் பயந்தீர்கள் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உங்கள் கலியாணத்துக்கு அடுத்த வருடம் நான் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது குளிர் சப்பாத்து வாங்கித் தந்தது நீங்கள். அந்தக் கையால் எடுத்த கொட்டையை எனக்காக விழுங்கினீர்களா?

ரதி


மில்லிக்கன்
2025 ஜனவரி 23

அன்புள்ள ரதி,

போன கிழமை டொக்டர் கிளிபோட்டைப் பார்த்தேன். உயர்ந்த மெல்லிய மனுசன், அவசரமே இல்லை. துவாரகா பக்கத்தில் இருந்து மொழிபெயர்க்கத் தொடங்கினாள். நான் "நானே சொல்லுறன் பிள்ளை" என்று சொல்லி, எனக்குத் தெரிந்த இங்கிலீசில் அப்பிளில் தொடங்கி கரட், ஹேசல்நட் வரைக்கும் எல்லாம் சொன்னேன். எட்டு என்றும் சொன்னேன். துவாரகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். டொக்டர் பேனாவை வைத்துவிட்டு, "இப்படித் தெளிவாகச் சொல்கிற ஆட்கள் எனக்குக் குறைவு" என்றார்.

இரண்டு கையிலும் வரிசையாகப் புள்ளி வைத்துக் குத்தினார்கள். பேர்ச் மரத்துக்கு நல்லாய்த் தடித்தது. ஹேசல்நட்டுக்குக் கொஞ்சம். கச்சான், எள்ளு, கஜு, பாதாம் ஒன்றுக்கும் அசையவில்லை. இரத்தமும் எடுத்தார்கள், அதன் முடிவு இன்று மாலை போனில் சொன்னார்கள்.

நீர் நினைத்தது சரி. மர மகரந்தத்தில் உள்ள ஒரு புரதமும் பச்சை ஹேசல்நட்டில் உள்ள ஒரு புரதமும் சாயலில் ஒன்று போல இருக்குமாம். என் உடம்புக்கு ஆள் மாறிப்போகிறதாம். அந்தப் புரதம் சூட்டைத் தாங்காதாம், நன்றாக வறுத்தால் குலைந்துபோகுமாம். சூட்டுக்கும் அசையாத வேறு புரதங்களும் அதில் உண்டாம், அவை சேராவிட்டால் வறுத்ததும் ஆபத்தாம். இரத்தத்தில் பார்த்ததில் எனக்கு அந்த வகை இல்லையாம். பெரும்பாலும் வாய் அரிப்போடு நின்றுவிடுமாம், ஆனால் மே மாதம் மகரந்தம் உச்சத்தில் இருக்கும்போது வெறும் பச்சையாக எட்டுத் தின்றதுதான் என்னை அம்புலன்சில் ஏற்றியதாம்.

எள்ளுக்கு ஒன்றும் இல்லை என்ற செய்தியைக் கேட்டுவிட்டு கடையில் துணி தைக்கிற மெசினுக்கு முன்னால் இருந்து அழுதேன். நல்லெண்ணெய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். உம்முடைய அண்ணர் போத்தலைப் பார்த்துவிட்டு மேலே போய்விட்டார்.

பெப்ரவரி 19 காலை கிளினிக்கில் வறுத்த ஹேசல்நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தந்து பார்க்கப் போகிறார்கள். கொட்டையை நான்தான் கொண்டுபோக வேண்டும். கூட ஒருவர் வரலாம். நீர் வருவீரா?

துர்க்கா


விட்பி
2025 பெப்ரவரி 1

அன்புள்ள மச்சாள்,

வர எனக்கு எவ்வளவு விருப்பம் என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் நான் வரக்கூடாது. அண்ணையைக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தக் காரில் உங்களை வைத்துக்கொண்டு மூச்சு நிற்கிறதைப் பார்த்தவர் அவர். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் அவர்தான் கண்ணால் பார்க்க வேண்டும். எட்டுக் கொட்டை விசயத்தை அவரிடம் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உங்கள் விருப்பம். நான் சொல்லமாட்டேன்.

கொட்டை வாங்கும்போது கடையில் நன்றாக வறுத்து அடைத்து வருவதைப் பாருங்கள். உடைத்தால் உள்ளே வெள்ளையாக இருக்கக் கூடாது, நடுவரைக்கும் பொன்னிறமாக இருக்க வேண்டும். வீட்டு அவணில் வறுத்ததைக் கொண்டுபோக வேண்டாம், உள்ளே சூடு ஏறாமல் விட்டுவிடும். பக்கெற்றைக் கழுவிய கையால் அன்றைக்குத்தான் உடையுங்கள். ஒவ்வாமைக் குளிசை எடுத்துக்கொண்டிருந்தால் எத்தனை நாளுக்கு முதல் நிறுத்த வேண்டும் என்று கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். தடிமன், காய்ச்சல் இருந்தால் போக வேண்டாம்.

ஒவ்வொன்றையும் சாப்பிட்டபிறகு ஏதாவது சின்னதாக உணர்ந்தாலும் உடனே சொல்லுங்கள். இந்தத் தடவை ஒருவருடைய முகத்தையும் பார்க்காதீர்கள்.

என் கோபம் போய்விட்டது. அது போனதை உங்களுக்கு எழுத மறந்திருந்தேன்.

ரதி


மில்லிக்கன்
2025 பெப்ரவரி 20

அன்புள்ள ரதி,

உயிரோடு இருக்கிறேன். பத்துக் கொட்டை சாப்பிட்டேன். இனி விபரமாக எழுதுகிறேன்.

நேற்றுக் காலை பாதி ரோட்டில் பனி குவிந்து கிடந்தது. உம்முடைய அண்ணர் பிறம்ரன் வெயர்ஹவுசில் லீவு போட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கிளினிக்கில் மரியோ என்று ஒரு நேர்ஸ், பெரிய உடம்பு, குழந்தைச் சிரிப்பு. அவர்தான் நாள் முழுக்க எங்களோடு இருந்தார். முதலில் ஒரு துகள் தந்தார். பிறகு கால், அரை, ஒன்று, மூன்று, ஐந்து. ஒவ்வொன்றுக்கும் இடையில் இருபது நிமிடம். உம்முடைய அண்ணர் ஊசிப் பேனாவைக் கையில் பிடித்தபடி என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "சேர், எங்களிடமும் ஊசி இருக்கிறது" என்று மரியோ சொல்லியும் அவர் கீழே வைக்கவில்லை.

அரைக் கொட்டை சாப்பிட்டு முடித்தபோது நான் சொல்லிவிட்டேன். வீட்டில் என்றால் எழும்பிப் போய்விடுவார். இங்கே என்னைத் தனியே விட்டுவிட்டு எங்கே போவார் என்று ஒரு துணிவு.

"ஒண்டு சொல்ல வேணும்" என்றேன்.

"என்ன, தொண்டை இறுக்குதோ?"

"தொண்டைக்கு ஒண்டுமில்லை. அண்டைக்கு ரதி வீட்டிலை மூண்டாவது கொட்டையிலையே எனக்கு வாய் அரிச்சது. தெரிஞ்சுகொண்டுதான் எட்டுச் சாப்பிட்டனான்."

"எட்டோ?"

"எட்டு. முந்தியும் அப்பிளுக்கு அரிக்கிறது. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. ரதிக்கு இது ஒண்டும் தெரியாது."

அவர் எழும்பினார். கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். கண்ணாடியால் பார்த்தேன், பார்க்கிங்கில் காருக்குப் பக்கத்தில் தொப்பியும் இல்லாமல் நின்றார். மரியோ மணியைப் பார்த்துக்கொண்டு முழுக் கொட்டையைக் கொண்டுவந்தார். நான் தனியே சாப்பிட்டேன். ரதி, அதன் ருசி எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்கு முன்னம் பயத்தில் ஒன்றும் தெரியவில்லை. வெண்ணெயும் மண்ணும் கலந்த மாதிரி ஒரு வாசம்.

அவர் திரும்பி வந்தபோது சப்பாத்தெல்லாம் பனி.

"ஆஸ்பத்திரியிலை அவளுக்கு நான் என்ன சொன்னனான் எண்டு உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"கேட்டுக்கொண்டு கிடந்தனான். அவவும் எழுதியிருந்தவ."

"எழுதினவளோ? எங்கை?"

"கடைக்கு. நானும் எழுதுறனான்."

"எவ்வளவு காலமா?"

"ஒன்பது மாசமா."

"ரண்டுபேரும் சேந்து என்னைப் பேயனாக்கிப்போட்டியள்" என்றார். பிறகு, "அவள் ஏன் அண்டைக்கே எனக்குத் திருப்பி ஏசேல்லை?" என்றார். "அவவும் தான்தான் பிழை எண்டு நினைச்சவ" என்று சொன்னேன். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்துவிட்டார். ஊசிப் பேனா மடியில் கிடந்தது.

மூன்று வந்தது, சாப்பிட்டேன். ஐந்து வந்தது, சாப்பிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் இருக்க வேண்டும் என்றார்கள். நான் மடியில் வைத்திருந்த சட்டைக்கு ஊசி வேலை செய்தேன். கடைசியில் டொக்டர் கிளிபோட் வந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். "நன்றாக வறுத்தது என்றால் நீங்கள் சாப்பிடலாம். பச்சை வேண்டாம். இளவேனிலில் பச்சைப் பழங்களிலும் கவனம். பேனாவை விடாமல் கொண்டுதிரியுங்கள்" என்று சொல்லிக் கை தந்தார்.

நான் எழும்பினேன். உம்முடைய அண்ணர் எழும்பவில்லை. அழுகிறார், ரதி. இருபத்தாறு வருடத்தில் நான் பார்க்கவில்லை. மரியோ பேப்பர்த் துண்டு கொண்டுவந்து கொடுத்தார். அதில் முகத்தைத் துடைத்துவிட்டு, போனை எடுத்து மரியோவிடம் நீட்டி, "ஹவ் டு அன்புளொக்?" என்று கேட்டார்.

இன்றைக்குக் காலை இரண்டு இட்டலி, எள்ளுப் பொடி, மேலே நல்லெண்ணெய். நாக்கைச் சுழற்றிப் பார்க்க மறந்துபோனேன். சாப்பிட்டு முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

துர்க்கா


விட்பி
2025 பெப்ரவரி 24

அன்புள்ள மச்சாள்,

உங்கள் கடிதம் இன்று மதியம் வந்தது. இரண்டு தடவை நின்றபடியே வாசித்தேன். மூன்றாம் தடவை கதிரையில் இருந்து வாசித்தேன். பவ்யா வாசித்துவிட்டு "உங்க அண்ணி செம்மக்கா" என்றாள்.

அண்ணை எனக்குப் போன் எடுத்ததை உங்களுக்குச் சொன்னாரோ தெரியாது. நேற்று ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணியிருக்கும். போனில் அவருடைய பெயர் வந்தபோது நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சவர்க்காரக் கையோடு எடுத்தேன்.

"ரதியோ?"

"ஓம் அண்ணை."

"விட்பியிலை பனி தள்ளியாச்சோ?"

"தள்ளியாச்சு."

"எங்களுக்கும் தள்ளியாச்சு."

அவர் மூச்சு விடுவது கேட்டது. போனை வைத்துவிடுவாரோ என்று பயந்து நான் ஏதோ கேட்கப் போனேன். அதற்கு முதல் அவர் கேட்டார்: "உந்த ஹேசல்நட்டை வீட்டிலை என்ன சூட்டிலை வறுக்கிறது?"

"அண்ணை, மச்சாளுக்கு வீட்டிலை வறுத்துக் குடுக்காதேங்கோ. கடையிலை நல்லா வறுத்து வாறதுதான் சரி. டொக்டரைக் கேக்காமல்..." என்று தொடங்கினேன்.

"அவளுக்கில்லை" என்றார். "அவளுக்கு டொக்டர் சொன்னதுதான். நான் எனக்குக் கேக்கிறன்."

"உங்களுக்கோ?"

"மே மாசம் தொடக்கம் நானும் ஒண்டையும் வாயிலை வைக்கேல்லை. வேலையிலை பெடியள் கச்சான் நீட்டுவாங்கள், வேண்டாம் எண்டுவன். என்ரை கையிலை, மூச்சிலை இருந்து அவளுக்கு ஏதும் போயிட்டால்... இப்ப ஒரு கிலோ பச்சை வாங்கி வைச்சிருக்கிறன், பக்கெற் உடைக்கேல்லை. அவள் கடைக்குப் போற நேரம் பாத்து வறுத்து, எல்லாத்தையும் துடைச்சுப்போட்டு, பிறகு சாப்பிடுவன். எனக்கு உந்த வாசம் சரியான விருப்பம், ரதி."

மச்சாள், இது உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. உங்களைக் கட்டுப்படுத்துகிறார் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் சொன்னேன்: "நூற்று நாற்பதுக்கு மேலை விடாதேங்கோ அண்ணை. இருபது நிமிசம். நடுவிலை ஒருக்காக் கிளறிவிடுங்கோ, கருக விடாதேங்கோ."

"எங்கடை அவணிலை பரன்ஹைட் கணக்கு."

"இருநூற்று எண்பத்தஞ்சு."

"கொஞ்சம் பொறு" என்றார். மேசை லாச்சியை இழுக்கிற சத்தம் கேட்டது, பேனை தேடினார். எழுதிக்கொண்டே சத்தம் போட்டு வாசித்தார், இருநூற்று எண்பத்தஞ்சு, இருபது நிமிசம், ஒருக்காக் கிளற வேணும். நான் ஓம் ஓம் என்றேன். கண்ணீர் வழிந்தது, கை ஈரமென்றபடியால் துடைக்கவும் முடியவில்லை.

"சரி, வாற சனிக்கிழமை வாவன்" என்றார். "துர்க்கா சமைக்கிறாளாம்."

சனிக்கிழமை காலை எனக்கு வகுப்பு இருக்கிறது மச்சாள். திரும்பத் தொடங்கப் போகிறேன். சேதுராமன் ஐயாவுக்கு முதலில் ஒரு மன்னிப்பும் பிறகு மீதிப் பாதியும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு மணிக்கு முடிந்துவிடும். ஒரு மணிக்கு உங்கள் வீட்டில் நிற்பேன். எனக்கும் சேர்த்துச் சோறு போடுங்கள்.

ரதி